சுண்டைக்காய்ப் பொடி

குடலை நன்றாகக் கழுவி, நீளவாக்கில் கத்தரித்து, பலகையில் விரித்தாள் பிரதீபா. "இதுவும் சுத்தமா கீதும்மா" என்றார் முனிசாமி.

சமையலறையாக இருந்தால் சந்தோஷப்பட்டிருக்கலாம். இது செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடம். குடல், நாற்பதாவது எலியுடையது. பிரதீபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நாற்பது எலிகளுக்கும் வாரம் தவறாமல் அவளே ஊசி போட்டாள். பெருங்குடலில் புற்றுநோயை வரவழைக்கும் ரசாயனம். அதில் இருபதுக்கு மட்டும் தீவனத்தில் சுண்டைக்காய்ப் பொடி. பொடி தின்னாத இருபதுக்குக் கட்டி வந்து, தின்ற இருபதுக்கு வராமல் இருந்தால் அவள் டாக்டர் பிரதீபா.

எட்டு மாதம் கழித்து அறுத்துப் பார்த்தால் ஒன்றுக்குமே வரவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் லக்ஷ்மிநாராயணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். மூன்று வருடத்தில் அவர் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்.

"ரசாயனம் டூப்பும்மா. இதுல உன் பொடி வேலை செஞ்சுதுன்னு எப்படி எழுதுவே?"

"இன்னொரு தடவை செஞ்சு பார்க்கறேன் சார்."

"வர்ற தொண்ணூத்தெட்டு மார்ச்சோட உன் பிஎச்.டி. பதிவு முடியுது. பேசாம ஊருக்குப் போய் கல்யாணம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் டிபன் சாப்பிடப் போனார்.

பிரதீபா ஸ்டூலில் உட்கார்ந்து விசும்பினாள். மூன்று வருடம் பாழ். சுண்டைக்காயைக் காயவைத்து, இடித்து, சலித்தே கை காய்த்துப் போயிருந்தது. எலிகளுக்குத் தீவனம் வைக்கும் முனிசாமி வேறு, தேவையைப் போல் இரண்டு மடங்கு பொடி கேட்பார். வீட்டுக் குழம்புக்கு எடுத்துப் போகிறார் போல என்று அவள் கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட திருவிடந்தையிலிருந்து பஸ் பிடித்து வந்து எலிகளைப் பார்த்துக்கொள்கிற மனுஷன், போகட்டும்.

அவள் அழுவதைப் பார்க்க முனிசாமிக்கு மனசு கேட்கவில்லை. "அறுக்கற வரிக்கும் அல்லாம் நல்லாத்தானம்மா இருந்துச்சுங்க. அப்பால இன்னா பேஜாரு?"

"பொடி தின்னதுங்க நல்லா இருந்தா சரிண்ணா. தின்னாததுங்களும் ஏன் நல்லா இருக்குன்னுதான் சார் கேக்கறாரு."

முனிசாமி திருதிருவென விழித்தார்.

"துன்னாதது எதும்மா? பந்தியில வஞ்சன பண்ணக் கூடாதுன்னு நாப்பதுக்கும்தான போட்டுகினு வந்தேன்!"