அவருக்கு ஒரு ப்ளேடு

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஒரு மரத்துண்டைக் காதோரம் வைத்து விரல் கணுவால் தட்டிக்கொண்டிருந்தார். என் மருமகள் கல்லாவில் முழங்கையை ஊன்றி அந்தச் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

நான் வந்தது இருவருக்கும் தெரியாது. ஷூ அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் நின்றேன். வலது கை எப்போதும்போல் பேன்ட் பைக்குள்.

வீட்டிலிருந்தே பின்தொடர்ந்து வந்திருந்தேன். ஒளிந்து ஒளிந்து நடக்க என் முட்டி ஒத்துழைக்கவில்லை. இருந்தும் விடவில்லை.

காலையில் அவள் போனில் பேசியது காதில் விழுந்திருந்தது. "அவருக்கு ஒரு ப்ளேடு வேணும்ண்ணே. நல்லதா எடுத்து வைங்க, சாயங்காலம் வர்றேன்."

ப்ளேடு என்றால் எனக்குத் தெரிந்தது சவரம் செய்வதுதான். என் மகனோ கப்பலில் இருக்கிறான். போன வாரம் வீடியோவில் பார்த்தபோது நெஞ்சு வரைக்கும் தாடி. அவனுக்கு எதற்கு ப்ளேடு?

அதைவிட உறுத்தியது அந்த ‘அவர்’. புருஷனை அவள் ‘அவன்’ என்றுதான் சொல்வாள். காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள், மரியாதையெல்லாம் கிடையாது. எனக்கு முன்னால் என்னை ‘மாமா’ என்பாள். நான் அந்தப் பக்கம் போனதும் ‘கிழம்’ என்பாள். கேட்டதில்லை, ஆனால் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியென்றால் யார் அந்த அவர்?

கடைக்கு வந்த பிறகுதான், ப்ளேடு என்பது டேபிள் டென்னிஸ் மட்டையில் ரப்பர் ஒட்டாத வெறும் மரம் என்று புரிந்தது. புரிந்ததும் சந்தேகம் இன்னும் வலுத்தது. என் மகன் ஜென்மத்தில் மட்டையைத் தொட்டவன் இல்லை. இவள்தான் வேலை முடிந்ததும் கிளப்பில் ஆடுகிறாள். அங்கே நெட்டையாக ஒருத்தன் வருகிறான். இவள் ஒரு அடி அடித்தால் போதும், "சூப்பர், சூப்பர்" என்று வாயெல்லாம் பல்லாகிவிடும்.

அவனை நம்பாமல்தான் நானும் கூடவே போகிறேன். காற்றாட வருவதாகச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து காவல் காப்பேன். பந்து உருண்டு வந்தால் பொறுக்கிப் போடுவேன். ஆள் குறைந்தால் மருமகள் என்னையும் இழுத்து நிறுத்துவாள். கிளப் மட்டைக்குக் கைப்பிடி தூண் மாதிரி, நழுவிக்கொண்டே இருக்கும். முந்தாநாள் நெட்டையனிடம் இரண்டு பாயிண்ட் எடுத்தேன். வேண்டுமென்றே விட்டிருப்பான்.

"கார்பன் வச்சது காட்டட்டுமாம்மா? பந்து பறக்கும்," என்றார் கடைக்காரர்.

"பறந்துடும், அதான் பயம். இப்பதான் அவருக்கு ஆட்டம் தேறிட்டு வருது. பந்து படுறது கைக்குத் தெரியணும். முழுக்க மரமே குடுங்க."

கைக்குத் தெரிய வேண்டுமாம். என்ன அக்கறை!

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஏழு அடுக்கு, தடித்தது, ஓங்கி அடிப்பவர்களுக்காம். இன்னொன்று ஐந்து அடுக்கு, மெலிசு. மருமகள் மெலிசானதை எடுத்து, அதன்மேல் ஒரு பந்தை டொக் டொக்கென்று தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள்.

ஓரத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது பிளைவுட். பிளைவுட் மில்லில் ஆயுசைக் கழித்தவனிடமா? மரம் மரம் என்று சொல்லி ஒட்டுப் பலகையைத் தலையில் கட்டுகிறான். இவளும் எவனுக்கோ ஆசை ஆசையாய் வாங்குகிறாள்.

தாங்கவில்லை. அலமாரியை விட்டு வெளியே வந்தேன்.

"புருஷன் கடல்ல கெடந்து காயுறான். நீ எவனுக்குடி பொறுக்கி எடுக்குற?"

ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒற்றைக் காலில் அப்படியே நின்றாள். மருமகள் கையிலிருந்த பந்து நழுவி, துள்ளித் துள்ளி வந்து என் செருப்பில் முட்டியது.

பழக்க தோஷம், குனிந்து பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே கத்தினேன்.

"அந்த நெட்டையனுக்குத்தானே? வாயைத் தொறந்து சொல்லேன்!"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. கடைக்காரர் பக்கம் திரும்பினாள். குரல் மட்டும் கொஞ்சம் பிசிறியது.

"கைப்பிடி இதைவிட ஒல்லியா இருக்காண்ணே? அவருக்கு மூணு விரல்தான் பிடிமானம். மத்த ரெண்டும் மில்லுல மிஷின்ல போயிடுச்சு."

கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் பார்வை என் பேன்ட் பைக்கு வந்தது. பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் பெட்டிகளைத் துழாவினார். ஒல்லியான கைப்பிடி உள்ள ப்ளேடு ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

"பிடிச்சுப் பாருங்கய்யா."

அவ்வளவு மரியாதையாக அவர் கேட்டிருக்க வேண்டாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பந்தைக் கல்லாமேல் வைத்துவிட்டு இடது கையை நீட்டினேன்.

"அந்தக் கை இல்ல, மாமா," என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.