பெடலில் வந்த பதினேழாவது பெயர்

ஜுன்ரே முதன்முதலாகத் தன் கையால் செய்த, கித்தாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடலில் மாட்டிய ஹெட்போனில் ரேடியோ கேட்டது. செபுவிலிருந்து கமோட்டஸ் தீவுக்குக் கிளம்பிய நான்கு மணிப் படகு கவிழ்ந்து இறந்தவர்களின் பெயர்களை ஒருவர் நிதானமாக வாசித்தார். பதினேழாவதாக, கடைசியாக, அவன் மனைவி லீசலின் பெயர் வந்தது. மணி இரண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் படகுக்கு டிக்கெட் வாங்கியிருந்த லீசல் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

உதிரிபாகம் விற்ற ரோமுலோவுக்குப் போன் போட்டான்.

“பெட்டிக்கு எர்த் கொடுத்தியா? கொடுக்கலன்னா ரேடியோவ இழுக்கத்தான் செய்யும். முதல் பெடல்ல எல்லாரும் கோட்டை விடுற இடம்ப்பா அது.”

எர்த் ஒயரைப் பற்றவைத்து, சர்க்யூட்டை அலுமினியப் பெட்டிக்குள் வைத்துத் திருகி மூடினான். இரைச்சல் சுத்தமாக நின்றது. குரல் மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

“லீசல், இன்னிக்கு நீ ஊருக்குப் போக வேணாம்.”

“ஏன், நான் இல்லாம சோறு இறங்காதோ?” என்று சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். “சரி, போகல.”

அரை மணி கழித்துப் பெடலை மறுபடி மிதித்தான். அதே பட்டியல். பதினாறு பெயர்கள் மாறவில்லை. பதினேழாவதாக லீசலின் தங்கை ரோவெனாவின் பெயர் வந்தது.

“டிக்கெட் வீணாப் போகுமேன்னு ரோவெனாகிட்ட கொடுத்துட்டேன்,” என்றபடி லீசல் தட்டை வைத்தாள். “பையோட வாசல்ல வண்டிக்கு நிக்கிறா. உன் ரேடியோ நின்னுச்சா?”

ஜுன்ரே வாசலைப் பார்த்தான். பிறகு பெடலைக் காலால் மிதித்து நிறுத்தினான்.

“நின்னுடுச்சு,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.