வமானின் முக அச்சு

நாணல் படகில் கடலுக்கு முள்சிப்பி எடுக்கப் போன வமான் மூன்று வருடமாகத் திரும்பவில்லை. போகுமுன் அவன் முகத்தில் எடுத்த அச்சில் களிமண்ணை அழுத்தி, அதே முகத்தோடு பானை செய்துவந்தாள் மனைவி குசி. அன்று அச்சைப் பிரித்தால், பானையின் கன்னத்தில் வெட்டுக்காயம். அச்சைத் தடவினாள், வழவழவென்றுதான் இருந்தது.

“தேய்ச்சு விடுடி. எந்தம்பி மீனுக்கு இரையாயிட்டான், நீ அவன் மூஞ்சியக் கட்டிட்டு அழு,” என்றாள் நாத்தனார் சிசா.

குசி மறுபடி அழுத்தினாள். இரண்டாவது பானையில் காயம் பொருக்குத் தட்டியிருந்தது. மூன்றாவதில் தழும்பாகியிருந்தது.

“செத்தவங்களுக்குப் புண்ணு ஆறுமா அண்ணி?”

சிசாவே அடுத்த களிமண் உருண்டையை எடுத்துக் கொடுத்தாள்.

நான்காவது பானையில் முகமே இல்லை. அச்சிலும் இல்லை.

“கெளம்பிட்டாரு,” என்று கையைக் கழுவிக்கொண்டு, மூன்று பேருக்குச் சோளம் வேகவைக்கப் போனாள் குசி.