காற்றுப் புகாத சீசா

ஆனி மாதம் பலாப்பழம் தின்ற வீட்டில், ரொம்ப இனிப்பாக இருந்த இரண்டு சுளைகளின் கொட்டைகளை விதைக்கென்று கழுவினார்கள். ஒன்று கைநழுவி, துணி துவைக்கிற கல்லோரச் சேற்றுக்குள் போய்விட்டது. மற்றதை வெயிலில் காயவைத்து, ஐப்பசி மழைக்கு நடலாமென்று கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடினார்கள்.

சீசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இனி உனக்கு என்ன கவலை? காத்தைக்கூட உள்ளே விடமாட்டேன்" என்றது.

"அண்ணே, தொண்டை வறளுது. ஒரு சொட்டுத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டது கொட்டை.

"தண்ணி பட்டா அழுகிப்போவே. உனக்கு முன்னாடி மிளகாய் வத்தல் மூணு வருஷம் என்கிட்ட இருந்தது. ஒரு நாள் வாயைத் திறந்ததில்ல."

"வத்தலுக்கு முளைக்கிற வேலை இல்லையே அண்ணே."

"எதிர்த்துப் பேசாதே. ஐப்பசி வரட்டும்."

கொட்டை சில வாரம் முனகிக்கொண்டிருந்தது. பிறகு சத்தமே இல்லை. "இப்பத்தான் நீ நல்ல பிள்ளை" என்று மெச்சிக்கொண்டது சீசா.

ஐப்பசி மழை பிடித்தது. வீட்டுக்காரம்மா கொட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். உள்ளே பருப்பு கடகடவென்றது. அதைக் குப்பையில் எறிந்துவிட்டு, சீசாவைக் கழுவி சன்னலில் கவிழ்த்தாள்.

சீசா வெளியே பார்த்தது. துவைக்கிற கல்லோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலாக்கன்று மழையில் நனைந்துகொண்டு நின்றது. அதன் இரண்டு இலைகளை ஆடு கடித்திருந்தது.

"பாவம், பார்த்துக்க ஆளில்லாம வளர்ந்த பிள்ளை" என்றது சீசா.