புயல் நாளில் ஒரு பிரசவம்

"உன் மேல புகார் எவன் எழுதிப் போட்டான்னு மட்டும் தெரியட்டும் மார்லிஸ், இந்த வராந்தாவிலேயே நிக்க வச்சு நாலு கேள்வி கேட்காம விடமாட்டேன்" என்றார் வெர்னன், தொப்பியால் தன் முழங்காலையே அடித்துக்கொண்டு.

"மெதுவா பேசுங்க. உள்ளே கேட்கும்."

"கேட்கத்தானே பேசறேன்!"

மாநிலக் கால்நடை மருத்துவ வாரியத்தின் கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் இருவரும். மார்லிஸ் பதிவு பெற்ற கால்நடை டெக்னீஷியன். ஊசி போடலாம், ரத்தம் எடுக்கலாம், டாக்டர் சொன்னால் மயக்க மருந்தும் கொடுக்கலாம். கத்தி மட்டும் எடுக்கக் கூடாது. பிப்ரவரிப் புயலில் எடுத்துவிட்டாள். அவளுடைய பதிவு இருக்குமா, பறிபோகுமா என்பது இன்று தெரிந்துவிடும்.

அவள் கத்தி எடுத்தது வெர்னனின் மாட்டுக்காக. வயிற்றுக்குள் கன்று குறுக்கே சிக்கிக்கொண்டது. கால்நடை டாக்டர் ஹாகனின் வண்டி பாதி வழியில் பனியில் புதைந்துவிட்டது. அதை வெர்னனிடமும் மார்லிஸிடமும் சொன்னதோடு அவர் போனும் செத்துப்போனது. பக்கத்துப் பண்ணையிலிருந்த மார்லிஸ்தான் பனிவண்டியில் பையோடு வந்து சேர்ந்தாள். மூட்டு முடங்கிய கையால் வெர்னன் டார்ச் பிடிக்க, அவள் மாட்டின் வயிற்றைக் கீறிக் கன்றை வெளியே எடுத்தாள். விடிந்தபோது தாயும் பிழைத்திருந்தது, கன்றும் பிழைத்திருந்தது.

"என் மாட்டை நான் அறுத்தா சட்டம் ஏன்னு கேக்காது. ரொட்டி வெட்டற கத்தியால அறுத்தாக்கூடக் கேக்காது. படிச்சுப் பரீட்சை எழுதின நீ அறுத்தா மட்டும் குத்தமா?"

"நீங்க மாட்டுக்குச் சொந்தக்காரர். நான் இல்லையே."

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு டாலருக்கு மாட்டை உனக்கே வித்திருப்பேனே!"

மார்லிஸ் சிரித்துவிட்டாள். "அந்தக் குளிர்ல பேரம் பேசிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"சிரி, சிரி. பதிவு போச்சுன்னா என்ன பண்ணுவே?"

"நாய்ங்களுக்கு முடி வெட்டிவிடுவேன். அதுக்குப் பதிவு வேண்டாம்."

வெர்னனுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டைப் பையிலிருந்த கன்றின் படத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாட்சி சொல்லும்போது அதை மேசை மேல் வைப்பதாக எண்ணம்.

"என்னைக் கேட்டா, நம்ம ஊர் டுவேனோட வேலைதான் இது. காபிக் கடையில நான் உன்னைப் பத்திப் பெருமையடிச்சப்ப அவன் ஒருத்தன்தான் கை தட்டலே. அன்னிலேருந்து சர்ச்சுல அவன் பக்கமே உக்கார்றதில்லை."

"அவர் பாவம், வெர்னன். அவரை விட்டுடுங்க."

"பரிஞ்சுகிட்டு வேற வரியா? இந்தப் புகார் இல்லேன்னா இந்த அறைப் பக்கம் நீ வந்திருக்கவே வேண்டாமே!"

"நானும் டாக்டரும் எத்தனையோ தடவை வாரியத்துக்கு எழுதிக் கேட்டோம். டாக்டர் வர முடியலே, உயிர் போகுது, அப்ப டெக்னீஷியன் என்ன செய்யறதுன்னு. எங்க முன்னால வழக்குன்னு ஒண்ணு வராம எதுவும் சொல்றதுக்கில்லைன்னுட்டாங்க."

"நீ கேட்டா வாயைத் திறக்க மாட்டாங்க. எவனோ மொட்டைக் கடுதாசி போட்டா மட்டும் நாற்காலி போட்டு உக்கார்ந்துடுவாங்க!"

எதிர்ப்பக்கம் சுவரோரமாக ஒரு கூட்டம் பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் மருத்துவமனையில் போடும் நீல உடையில். அதிலொருத்தி பிஸ்கட் டப்பாவை வெர்னனிடம் நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யார் இவங்க?"

"வேற வேற ஊர் டெக்னீஷியன்கள்."

"வேடிக்கை பார்க்க பிஸ்கட்டோட வந்திருக்காளுங்களா? நல்லா இருக்கு உங்க ஒத்துமை!"

மார்லிஸ் கை நீட்டி ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மார்லிஸ் ஓபெர்க் வழக்கு. இதோட சேர்த்து, அவசர நேரத்துக்குன்னு ஒரு புது விதி எழுதறதைப் பத்தியும் இன்னிக்கே பேசறாங்க. முதல்ல புகார் கொடுத்தவர் வரலாம். வந்திருக்காங்களா?"

வெர்னன் எழுந்து நின்றார். பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்தபடி, "வா, வா. உனக்காகத்தான் காத்திருக்கேன்" என்று முணுமுணுத்தார்.

மாடிப்படியில் யாரும் வரவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்த மார்லிஸ், தன் கோட்டைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க. அடுத்த புயல்ல இவங்கள்ல ஒருத்தி, பதிவு போயிடுமோன்னு பயந்து ஒரு மாட்டைச் சாக விடக் கூடாது, வெர்னன்."

பிறகு எழுத்தரைப் பார்த்து, "புகார் கொடுத்தது நான்தான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே நடக்க, நீல உடைப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பின்னாலேயே போனார்கள்.