ஆணழகன் சஹன்

“ஆணழகன் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கன். இனி எனக்குச் சோறும் சீனியும் வேணாம்,” என்றான் ஷிராஸ்.

வெள்ளவத்தையில் அந்த வீட்டில் எல்லாரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். தனித்தட்டு வைத்தால் வாப்பா பஸீர் எழும்பிப் போய்விடுவார். அதனால் மூன்று மாதமாகச் சஹனில் அவித்த கோழியும் கீரையும்தான்.

“இவன் அழகாகிறதுக்கு நான் பட்டினி,” என்று முணுமுணுத்தபடி அவரும் தின்றார்.

இன்று டொக்டர் வாப்பாவின் கால் புண்ணைப் பார்த்தார். “சுகர் இறங்கிட்டு, காயமும் ஆறிட்டு. விரலை வெட்டத் தேவையில்ல.”

வெளியே வந்ததும் ஷிராஸ், “வாப்பா, போட்டி ஒண்ணும் இல்ல. பொய் சொன்னன்,” என்றான்.

“தெரியும். உன்ட இந்த வழுக்கைத் தலையப் போட்டிக்கு யாரு எடுக்கிற? உம்மாட்ட மட்டும் சொல்லாத, மகன். நாளைக்கே கருப்பட்டி போட்டு வட்டிலப்பம் அவிப்பா.”