பாட்டுப் பென்டிரைவின் வைத்தியம்

லினக்ஸ் சிஸ்டத்தில் ஓடும் நஸ்ரினின் லேப்டாப் அன்று காலை கண் விழித்தது. ஆனால், "சிஸ்டம் கிடைக்கவில்லை" என்று கறுப்புத் திரையில் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

அதன் பக்கவாட்டில் ஒரு பென்டிரைவ் முந்தின நாளிலிருந்தே செருகிக் கிடந்தது. அதற்குள் முழுக்க முழுக்கப் பாட்டுகள்.

"உனக்கு வயசாயிடுச்சுப்பா" என்றது பென்டிரைவ். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா லினக்ஸ் போட்டாத்தான் சரியாகும்."

லேப்டாப் பதறியது. நஸ்ரின் குளம் குளமாக அலைந்து எடுத்த பறவைப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலையே அண்ணே. எழுந்ததும் சிஸ்டத்தைத் தேடி, பக்கவாட்டுல இருக்கிற முதல் கதவைத் தட்டுறேன். உள்ள யாரோ பாடிக்கிட்டே இருக்காங்க."

"அது காதுக் கோளாறு. முத்திப்போச்சு."

நஸ்ரினும் முயன்று முயன்று அலுத்துப்போனாள். எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று முடிவு செய்து, புது லினக்ஸ் இருந்த வேறொரு பென்டிரைவைக் கொண்டுவந்தாள். அதற்கு இடம் வேண்டுமே என்று பாட்டுப் பென்டிரைவைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். புதியதைச் செருகுமுன், கை பழக்கத்தில் பவர் பொத்தானை அழுத்திவிட்டது.

இந்த முறை முதல் கதவில் யாரும் இல்லை, பாட்டுச் சத்தமும் இல்லை. லேப்டாப் நேராகத் தன் டிஸ்குக்குள் போனது. அங்கே சிஸ்டம் பத்திரமாக இருந்தது. திரையில் மீன்கொத்தி ஒன்று பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. நஸ்ரின் கைதட்டிச் சிரித்தாள்.

"பாத்தியா, என் வைத்தியம் எப்படி!" என்றது மேஜையில் கிடந்த பென்டிரைவ்.

லேப்டாப் நெகிழ்ந்துபோனது. "நீங்க மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் அண்ணே!"